மேரிக்கு என்ன குறைந்தது?

2014இல் வந்த 'த ஹோம்ஸ்மேன்' படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு படம் ஓடியிருக்கும். அதுவரை கதையின் தூணாக நின்ற மேரி தூக்கு மாட்டிக்கொள்கிறாள். ஹிலாரி ஸ்வாங்க் நடித்த பாத்திரம். மிச்சப் படத்தை, இயக்குநரும் நடிகருமான டாமி லீ ஜோன்ஸ் அவள் இல்லாமலேயே நடத்திக்கொண்டு போகிறார். 'இப்படி ஏமாற்றிவிட்டார்களே' என்பார்கள் சிலர். 'அதுதானே படம்' என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை. ஆளில்லா வெளியில் தனியாகப் பிழைக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். முதல் காட்சியிலேயே கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுதுகொண்டிருக்கிறாள். நியூயார்க் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, 1850களின் நெப்ராஸ்கா பிரதேசத்துக்குத் தனியே வந்து நிலம் பிடித்தவள். மனம் பிறழ்ந்த மூன்று பெண்களை மிசௌரி ஆற்றுக்கு அப்பால் அயோவாவில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். போக வேண்டிய ஆண் பின்வாங்கியபோது அந்த வேலையைக் கையில் எடுத்தவளும் அவள்தான். இப்படிப்பட்டவளுக்கு என்னதான் குறைந்தது? அமெரிக்க மேற்கில் குடியேறியவர்களின் கதை சொல்லும் வெஸ்டர்ன் படங்களில் வரும் தனிப்பெண்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது இந்தக் கேள்வி.

வாசலில் துப்பாக்கி

இந்த வகைப் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். புருஷன் இறந்திருப்பான், அல்லது எங்கோ போயிருப்பான். தூரத்தில் குதிரைகள் கிளப்பும் புழுதி தெரியும். அவள் நீளத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவை அடைத்து நிற்பாள். அந்த நிமிஷத்தில்தான் படம் அவளைத் தைரியசாலி என்று ஒப்புக்கொள்கிறது. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், அடுப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், வாளியில் தண்ணீர் இருக்கும், மேசையில் ரொட்டி இருக்கும். அவை எப்படி அங்கே வந்தன என்று பெரும்பாலான படங்கள் சொல்வதில்லை. அவள் பிழைத்திருப்பதே அவற்றால்தான் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. குளிர்காலம் முழுக்கத் துப்பாக்கியைத் தொடாமல் ஒருத்தி உயிரோடு இருக்கலாம். அடுப்பைத் தொடாமல் இரண்டு நாள் தாங்க முடியாது.

முதலில் விறகு. நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா புல்வெளிகளில் ஓடைக்கரைகளைத் தவிர வேறெங்கும் மரமே கிடையாது. அதனால் பொட்டல்வெளி நடுவில் உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய வீட்டைக் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். எரிக்கக் கிடைத்தது காட்டெருமைச் சாணம். நம் ஊர் வறட்டி போல வைக்கோல் கலந்து தட்டியது இல்லை; மேய்ந்த இடத்திலேயே வெயிலில் தானாகக் காய்ந்து வில்லையானது. நன்றாகக் காய்ந்தால் புகையும் நாற்றமும் குறைவு, சூடும் போதும். ஆனால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், சாம்பல் மலைபோலக் குவியும். மழையில் நனைந்தால் எதற்கும் உதவாது. அதனால் வானம் தெளிவாக இருக்கும்போதே ஏப்ரனில் அள்ளிவந்து நனையாத இடத்தில் குவித்து வைக்க வேண்டும். 1880களுக்குள் காட்டெருமைகளைக் கொன்று தீர்த்த பிறகு மாட்டுச் சாணமும் மக்காச்சோளச் சக்கையும் எரிபொருளாயின. அதுவும் இல்லாதவர்கள் புல்லை முறுக்கி எரித்தார்கள். நீளமான காய்ந்த புல்லை ஒரு பிடி எடுத்துக் கயிறு திரிப்பதுபோல இறுக்கி முறுக்கி, இரண்டாக மடித்து, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். முறுக்கு தளர்ந்தால் குப்பென்று பற்றிப் புகைபோக்கி வழியே பொறி பறக்கும். கூரையும் புல்வெளியும் தீப்பிடிக்கும். இறுக்கினாலும் ஒரு முறுக்கு சில நிமிஷங்களுக்குத்தான் தாங்கும். அதனால் அடுப்பு எரியும் நேரமெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இருப்பதே ஒருத்தி என்றால் மாவு பிசைவது யார், மாட்டைப் பார்ப்பது யார்?

நெருப்பைப் பற்றவைப்பதைவிட அணையாமல் காப்பதுதான் பெரிய வேலை. இரவு படுக்கும் முன் தணலை ஒன்றாகக் கூட்டி மேலே சாம்பலை மூட வேண்டும். 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் சொல்வது இதைத்தான். சாம்பல் மெல்லியதாக இருந்தால் விடிவதற்குள் எரிந்து போய்விடும். ஈரச் சாம்பலாகவோ அளவுக்கு மீறியோ மூடினால் மூச்சு முட்டி அணைந்துவிடும். தீக்குச்சி அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஆனால் ஈரம் பட்டால் முடிந்தது. எனவே கார்க் மூடிய புட்டியில்தான் வைத்தார்கள். தணலும் அணைந்து குச்சியும் நமத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்டியில் தணல் வாங்கிவர வேண்டும். பக்கத்து வீடு என்பது ஒரு மைலோ மூன்று மைலோ தள்ளி இருக்கும்.

மண்ணை வெட்டிக் கட்டிய வீடு

மரம் இல்லாத ஊரில் வீட்டை வேரோடிய தரையிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். புல்வேர்கள் பின்னிக் கெட்டியாகிப்போன மேல்மண்ணை அதற்கென்றே செய்த கலப்பையால் ஓரடி அகலமும் நான்கு அங்குலக் கனமும் உள்ள நீளப் பட்டைகளாக அறுத்து, மண்வெட்டியால் இரண்டு, மூன்றடி நீளத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு துண்டு சுமார் 50 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்கு மேல். பதினாறுக்கு இருபது அடி வீட்டுக்குச் சுமார் 3,000 துண்டுகள் தேவை. புல்பக்கம் கீழே இருக்கும்படி, சந்துகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி, இரண்டு வரிசைக் கனத்தில் அடுக்க வேண்டும். அன்று அடுக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும். மறுநாளைக்கு என்று வைத்தால் காய்ந்து உதிரும். ஜன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுக் கந்தல் துணியைத் திணிக்க வேண்டும் என்பது பலருக்குக் கண்ணாடி உடைந்த பிறகுதான் தெரிந்தது. மண்சுவர் மெல்லக் கீழே அமரும். இடைவெளி இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் சட்டத்தின் மேல் இறங்கும். குளிருக்குக் கதகதப்பும் கோடைக்குக் குளிர்ச்சியும் தரும் வீடுதான். ஆனால் ஒருநாள் மழை பெய்தால் கூரை மூன்று நாளுக்கு ஒழுகும். கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும், சில சமயம் பாம்பும் சோற்றில் விழாமலிருக்க மெல்லிய துணியை உட்கூரையாக இழுத்துக் கட்டுவார்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. இரண்டு வாளியில் பத்துப் பத்து லிட்டர் என்றால் 20 கிலோ. ஒரு தடவை துணி துவைத்து, கொதிக்கவைத்து, அலசச் சுமார் 50 காலன், கிட்டத்தட்ட 190 லிட்டர் வேண்டும். அதாவது ஓடைக்கும் வீட்டுக்கும் பத்து நடை. கிணறு வெட்டினால் இறங்கும் முன் ஒரு மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டுப் பார்க்க வேண்டும். அது அணைந்தால் அடியில் மூச்சடைக்கும் காற்று தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். தனியாக வெட்டுகிறவள் மயங்கி விழுந்தால் மேலே கயிற்றைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. சொல்லப்போனால் கிணற்றைத் தனியாக வெட்டவே முடியாது. வெட்டிய மண்ணை மேலே ஏற்றுவதற்காவது இன்னொருவர் வேண்டும்.

துப்பாக்கியை நிரப்பும் நேரம்

இந்த உழைப்பின் நேரத்தை வெட்டாமல் காட்டிய படம் என்றால் நான் கெல்லி ரைகார்ட்டின் 'மீக்'ஸ் கட்டாஃப்' (2010) படத்தைத்தான் சொல்வேன். 1845இல் ஸ்டீபன் மீக் என்ற வழிகாட்டியை நம்பிச் சுமார் ஆயிரம் பேர், குடியேறிகளின் வண்டிகள் மேற்கே போன ஓரிகன் பாதையிலிருந்து விலகி வறண்ட மேட்டு நிலத்தில் மாட்டிக்கொண்டார்கள். படம் அதை மூன்று குடும்பங்களாகச் சுருக்கிக்கொள்கிறது. தொடக்கத்திலேயே ஒருவன் பட்ட மரத்தில் 'தொலைந்தோம்' என்ற பொருளில் ஒரு சொல்லைச் செதுக்குகிறான். பெண்கள் நடக்கிறார்கள், சாமானைத் தலையில் வைத்து ஆற்றைக் கடக்கிறார்கள், இருட்டிலேயே எழுந்து காபிக்கொட்டை அரைக்கிறார்கள். படச்சட்டம்கூட அகலத்திரை இல்லை, கிட்டத்தட்டச் சதுரம். வெயிலுக்காக அவர்கள் அணிந்திருக்கும், பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் தொப்பிக்குள்ளிருந்து பார்த்தால் உலகம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது.

அதில் மிஷல் வில்லியம்ஸ் நடித்த எமிலி, விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு பூர்வகுடி ஆணைப் பார்த்துவிடுகிறாள். வண்டிக்கு ஓடிவந்து, தூரத்தில் இருக்கும் ஆண்களுக்குக் கேட்க வானத்தை நோக்கிச் சுடுகிறாள். இன்னொரு முறை சுட வேண்டும். அதற்கு அவள் துப்பாக்கியை நிரப்பும் முழு நேரத்தையும் கேமரா நகராமல் காட்டுகிறது. அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தை முதலில் அளவுக்குப்பியில் எடுத்துக் குழாய் வாயில் கொட்ட வேண்டும். கொம்பிலிருந்து நேராகக் கொட்டினால் உள்ளே மிஞ்சிய பொறி பட்டு மொத்தக் கொம்பும் வெடிக்கலாம். பிறகு கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து அழுத்தி, நீளக் கம்பியால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் உட்காராமல் நடுவில் நின்றுவிட்டால் சுடும்போது குழாயே பிளக்கலாம். கடைசியாகப் பற்றவைக்கும் இடத்தில் மருந்தோ, அதற்கான சிறு செம்புத் தொப்பியோ வைத்துச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பழகிய கைக்கே அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் அவள் பாதுகாப்பற்றவள். வாசலில் நின்று அடுத்தடுத்துச் சுட்டுத்தள்ளும் நாயகிகளிடம் இந்த அரை நிமிஷத்தைக் காண முடியாது. எமிலியின் கையில் இருக்கும் துப்பாக்கி ஆபத்தைத் தீர்க்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிடுவதற்கான மணியாக மட்டுமே இருக்கிறது. இரண்டு வெடிச்சத்தமும் சொல்வது ஒன்றைத்தான்: வாருங்கள். இந்தக் காட்சிக்குப் பிறகுதான் மேரியைப் பற்றிய என் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. அவளிடம் என்ன திறமை குறைந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் சுட்டிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும் என்று அதுவரை யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எமிலி பயந்து சுடும் அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத காடு அல்ல. அங்கே பரம்பரையாக வாழ்ந்த பெண்களுக்கு எந்தப் பள்ளத்தில் எந்தக் கிழங்கு என்று தெரியும். காமாஸ் கிழங்கைத் தோண்டுகிறவர்கள் பூவைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வார்கள்: நீலப் பூ உணவு, அதன் பக்கத்திலேயே வளரும் வெளிர்மஞ்சள் பூ நஞ்சு. பூ உதிர்ந்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். தோண்டியதைக் குழியில் சூடான கற்களோடு மூடி ஒரு நாளுக்கு மேல் வேகவைத்தால்தான் இனிக்கும், செரிக்கும். சமவெளியின் புல்வெளிக் கிழங்கை ஜூன், ஜூலைக்குள் தோண்டிவிட வேண்டும். அதற்குமேல் தண்டு முறிந்து காற்றோடு போய்விடும், கிழங்கு எங்கே என்று தெரியாது. தோலுரித்துச் சடையாகப் பின்னிக் காயவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். கூட்டமாகப் போய்த் தோண்டி, கூட்டமாக வேகவைத்த உணவு இது. வண்டிகளில் வந்தவர்கள் இந்த அறிவின் மேல்தான் தாகத்தோடும் பசியோடும் நடந்துபோனார்கள். பெரும்பாலான வெஸ்டர்ன் படங்களில் அந்தப் பெண்களுக்கு முகமே கிடையாது.

கல்லறைக்குத் திரும்பிய இரவு

மேரி சாவதற்கு முன் ஒரு இரவு வருகிறது. வழியில் ஒரு சிறுமியின் கல்லறை கலைக்கப்பட்டுக் கிடக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வருவேன் என்கிறாள். பயணத்தில் கூட வரும் பிரிக்ஸ் (டாமி லீ ஜோன்ஸ்) நிற்க மாட்டேன் என்று வண்டியோடு போய்விடுகிறான். வேலையை முடித்துக் குதிரையில் கிளம்பியவள் தடத்தை விட்டுவிடுகிறாள். இரவெல்லாம் அலைந்து, கண்ணில் அடையாளம் பட்டதும் பார்க்கிறாள்: அதே கல்லறை.

படத்துக்காகச் செய்த மிகை என்று இதை நினைக்கலாம். ஆனால் நடப்பது இப்படித்தான். 2009இல் ஜெர்மனியில் இருந்த ஆய்வாளர்கள் காட்டிலும் சஹாராவிலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தவர்கள், அது மறைந்ததும் தம்மை அறியாமலே வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் வட்டம் இருபது மீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கியது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பது காரணமில்லை. நேர் என்று உடல் நம்பும் திசை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுகிறது. திருத்திச் சொல்ல வெளியே ஒரு அடையாளம் வேண்டும். புல்வெளியில் மரம் இல்லை, மலை இல்லை; சக்கரம் மடக்கிய புல்லும் மெல்ல நிமிர்ந்துவிடுகிறது. இரவில் செய்ய வேண்டியது நின்ற இடத்திலேயே நிற்பது. அல்லது கடிவாளத்தைத் தளரவிட்டுக் குதிரையை அதன் போக்கில் போக விடுவது. கூட நடந்த கழுதைகளை அது தேடிப் போகும் என்பார்கள் குதிரை வளர்ப்பவர்கள். பதறியவள் இரண்டையும் செய்வதில்லை. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துத் தானே வழிநடத்துவாள். எல்லாவற்றையும் தானே வழிநடத்திப் பழகியவள் மேரி.

தெரியாததால் அவள் தொலைந்தாள் என்று இப்போது நான் நினைக்கவில்லை. 'நீ போகும் திசை தவறு' என்று சொல்ல அவளுக்கு வெளியே எதுவுமே இல்லை. அந்த இரவில் மட்டுமில்லை, அதற்கு முன்னாலும் இல்லை. வண்டியைப் பிடித்த அன்று இரவே பிரிக்ஸிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறாள். காலையில் இறந்து கிடக்கிறாள். காதலில் தோற்றுச் செத்தாள் என்று சுருக்குகிறவர்கள் கல்லறைக் காட்சியை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு சாட்சி

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அதைப் படம் பேசுவதில்லை. 1841இன் சட்டம், நிலத்தில் முதலில் குடியேறியவர் அதை வாங்க முன்னுரிமை கொடுத்தது. யாருக்கு? குடும்பத் தலைவருக்கு, விதவைக்கு, 21 வயதுக்கு மேற்பட்ட கல்யாணமாகாத ஆணுக்கு. கல்யாணமாகாத பெண் அந்தப் பட்டியலில் இல்லை. மேரியின் காலத்துச் சட்டம் இதுதான். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம்தான் 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும் நிலத்துக்கு மனுப் போட வழிசெய்தது. 160 ஏக்கர், மொத்தக் கட்டணம் 18 டாலர். ஐந்து வருஷம் குடியிருந்து சாகுபடி செய்தால் பட்டா. பாவ்னி, லகோட்டா போன்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்த நிலம்தான் இப்படிப் பங்கிடப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. மேரிக்குப் பிறகு வந்த தனிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் மனுப் போட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எந்தத் திரைக்கதையையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அரைமைலுக்கு அரைமைல் சதுரம் ஒரு மனு. ஒவ்வொருவரும் தன் நிலத்தின் நடுவில் வீடு கட்டினால் அடுத்த வீடு அரைமைல் தூரம். ஆனால் நான்கு சதுரங்கள் ஒரு மூலையில் சந்திக்கும். அந்த மூலையில் கட்டினால் நான்கு வீடும் கூப்பிடு தூரத்தில். எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் கட்டில் போட்டு, அவரவர் நிலத்தில் அவரவர் தூங்கியவர்களும் உண்டு. நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர்: ஹாரியட், எலிசபெத், லூசி, ரூத். 1886இல் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் எடுத்த அவர்களுடைய படம் இன்றைக்கும் பிரபலம். புல்மண் துண்டுகளால் கட்டிய வீட்டுக்கு முன்னால் நால்வரும் நிற்கிறார்கள். மனுப் போட்ட அக்காள் தங்கைகள், குடியிருந்தே ஆக வேண்டும் என்ற விதிக்காக, முறைவைத்து ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கினார்கள். விதியும் நிறைவேறியது, எந்த இரவும் யாரும் தனியாக இல்லை. கடைசித் தங்கை ரூத்துக்கு வயது வருவதற்குள் பக்கத்து நிலங்கள் தீர்ந்துவிட்டன.

ஐந்து வருஷம் முடிந்து பட்டா வாங்கப் போகும்போது சட்டம் இன்னொன்றையும் கேட்டது: இவர் இங்கே குடியிருந்தார், இவ்வளவு உழுதார் என்று சொல்ல நம்பகமான சாட்சிகள் இருவர். பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்கள்தான் வந்து சொன்னார்கள். தனியாக ஒருத்தி அத்தனை வருஷமும் தாக்குப்பிடித்தாள் என்பதற்கே, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும்.

மேரிக்கு அந்தச் சாட்சிகள் இல்லை. படத்தின் ஆரம்பத்தில் பக்கத்து நிலத்துக்காரனை விருந்துக்கு அழைக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் ஒரு துணியை மேசையில் விரிக்கிறாள். அதில் பியானோக் கட்டைகளைப் பூவேலையாகத் தைத்திருக்கிறாள். சத்தமில்லாத அந்தக் கட்டைகளில் விரலை ஓட்டிக்கொண்டு பாடுகிறாள். அவன் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்ததும், நீ அழகில்லை, அதிகாரம் செய்கிறாய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். ஏர் ஓட்டும் காட்சியைவிட, துப்பாக்கி வரும் காட்சிகளைவிட இதைத்தான் நான் அதிகம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியில் ஒவ்வொரு கட்டையையும் அளந்து தைக்க எத்தனை இரவுகள் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கட்டில் போட்டிருந்தால், தைக்கும்போது விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருப்பாள். பாட்டு முடிந்ததும் இன்னொன்று பாடச் சொல்லியிருப்பாள்.